சுடாத வெளிச்சம்

லுவாவுக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. சாதெக் ஊர்ச் சந்தையில் மீன் வாங்க நிற்கும்போது பக்கத்தில் நிற்பவளின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "இந்தக் கரும்புள்ளி எப்பலேருந்து?" என்று கேட்பாள். கேட்கப்பட்டவள் முதல் தடவை முறைப்பாள். அடுத்த தடவை தானாகவே கன்னத்தைக் காட்டிக்கொண்டு வருவாள்.

பிள்ளை பெற்று வீடு திரும்பிய பெண்களைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். ஸ்கூட்டரின் முன்கூடையில் எலுமிச்சம்புல்லும் பம்ப்ளிமாஸ் இலையும் இருக்கும், கூடவே மஞ்சள் ஊறிய அரிசிச் சாராயம் ஒரு புட்டி. பின்னால் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிய சிவப்பு விளக்குப் பலகை. பச்சை உடம்புக்காரிக்கு ஆவி பிடிக்க வைத்து, வயிற்றில் மஞ்சள் சாராயம் தடவி, கடைசியில் அந்தப் பலகையின் முன்னால் படுக்க வைப்பாள். வயிற்றுக் கோடு, தையல் போட்ட இடம், தூக்கம் கெட்டு வெளுத்த முகம், காரணமே இல்லாமல் வரும் அழுகை, எல்லாவற்றுக்கும் அது நல்லது என்பாள். எல்லாவற்றுக்கும் நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பதுதான் புத்தி. ஆனால் லுவாவிடம் தள்ளி நிற்க முடியாது. கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்துவிடுவாள்.

முன்பு அவள் பூந்தோட்டக் கூலி. முழங்கால் தண்ணீரில் நின்று, பரண்மேல் வைத்த சாமந்தித் தொட்டிகளுக்கு மருந்தடித்து, கையெல்லாம் வெடித்து, மிளகாய் பட்டால் துடிக்கிற தோலோடு இருந்தவள். ஒரு நாள் தோளைத் தூக்க முடியாமல் போனது. மாவட்ட மருத்துவமனையில் ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த நர்ஸ் சிவப்பு விளக்கு ஒன்றைத் தோளுக்கு நேரே திருப்பி வைத்து, "படுங்க, அசையாதீங்க, ஒண்ணும் செய்யாதீங்க" என்றாள்.

ஒன்றும் செய்யாதே என்று லுவாவிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. பட்டப்பகலில் படுத்தால் சோம்பேறி என்பார்கள். பிள்ளை பெற்றபோதுகூடக் கட்டிலுக்கடியில் கரி கனன்றுகொண்டிருக்க, கீழே இருந்து பொசுக்கும் சூட்டில் புரண்டு புரண்டுதான் படுத்திருந்தாள். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு அந்தக் கரி கொடுத்தது. மருத்துவமனையில் அன்றைக்கு அந்த விளக்கின் வெதுவெதுப்பில் அவள் தூங்கிவிட்டாள். எழுப்பியபோது எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை. வெளியே வந்து மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். தோள் வலி குறைந்ததா என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை. அந்தத் தூக்கம் மட்டும் நினைவிருந்தது.

பிறகுதான் அந்த மாதிரி விளக்கு ஒன்றைத் தேடி வாங்கி, தெரிந்த வீடுகளுக்கு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். அவள் கணவன் தின் இன்னும் சாமந்திக்காரன்தான். புத்தாண்டுக்கு முன்னால் பூத்துவிடாமல் இருக்க, இரவெல்லாம் தொட்டிகளுக்கு மேல் விளக்குப் போட்டு வைப்பவன். "என் செடிங்களை வெளிச்சத்தக் காட்டி நான் ஏமாத்துறேன். ஊர்ப் பொம்பளைங்கள நீ ஏமாத்துற. நல்ல ஜோடிதான்" என்பான்.

"ஏமாந்தவங்க யாரும் திருப்பி அனுப்பலையே" என்பாள் லுவா.

உண்மைதான். அந்தப் பழைய விளக்கு நன்றாகச் சுடும். கரிச் சூட்டுக்குப் பழகிய வீடுகளில் அது உடனே ஒத்துப்போனது. கட்டிலுக்கடியில் கரிச்சட்டி வைத்தவர்கள் ஒவ்வொருவராக அதை ஏறக்கட்டினார்கள். இந்த ஊரில் அவள் செய்த நல்ல காரியம் என்று ஒன்றைச் சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பின்பு பின்ஸுவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போன மகன், விடுமுறைக்கு வரும்போது புதுப் பலகையைக் கொண்டுவந்தான். தட்டையானது. சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் வரிசை வரிசையாக. அது சுடவே சுடாது. லுவா முதலில் தன் முதுகுத் தழும்பில்தான் காட்டிப் பார்த்தாள். தழும்பு மங்கிவிட்டது என்று அவள் சொன்னாள், அப்படியேதான் இருக்கிறது என்று தின் சொன்னான். அரிப்பு நின்றதை மட்டும் இருவருமே ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் பழைய விளக்கு அலமாரிக்கு மேலே போய்விட்டது.

வடகாற்று தொடங்கிய சமயம் கால்வாய்க் கரையிலிருக்கும் தோவான் வீட்டிலிருந்து ஆள் வந்தது. தோவானின் மனைவி குயேனுக்கு வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தையல் இன்னும் முழுக்க ஆறவில்லை, பெண் சோர்ந்து கிடக்கிறாள், வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியவள் தோவானின் அக்கா சுவோங்.

சுவோங்கைத் தெரியாதவர் அந்தக் கால்வாய்க் கரையில் கிடையாது. அரிசி ஊறவைத்து மாவு எடுக்கிற தொழில். அப்பனும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தோவான் பால் பல் விழாத பிள்ளை. அவனை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்து, புது வீடும் கட்டிக் கொடுத்தாள். தனக்கென்று ஒரு கல்யாணத்தை நினைக்க அவளுக்கு நேரமே வரவில்லை. பேச்சு மட்டும் கல்லில் தேய்த்த மாதிரி இருக்கும்.

லுவா உள்ளே போனபோது குழந்தை விழித்திருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தாள். "அய்யே, என்ன அசிங்கம் இது! இறால் குஞ்சு மாதிரி!"

"யாரப் போல இருக்கும், அப்பன் மூஞ்சிதான்" என்றாள் சுவோங், முகமெல்லாம் சிரிப்பாக. கண் பட்டுவிடக் கூடாதே. அன்றிலிருந்து குழந்தைக்கு இறால் என்றே பெயர் ஆகிவிட்டது.

பலகையை எடுத்து மாட்டி லுவா விளக்கைப் போட்டாள். சுவோங் வந்து உள்ளங்கையை அதற்கு நேரே நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"என்னடி இது? கை சுடவே இல்லையே!"

"சுடக் கூடாதுக்கா. இது புதுசு."

"சுடாத நெருப்ப வெச்சு என்ன பண்றது? பச்ச உடம்புக்குக் குளிர் ஏறிட்டா கிழவியாகுற வரைக்கும் எலும்பு குடையும். எங்கம்மா தோவானைப் பெத்தப்ப ஒரு மாசம் நான்தான் கரி அள்ளிப் போட்டேன். அவன் என்ன செத்தா போயிட்டான்?"

கட்டிலில் கிடந்த குயேன் சிரித்துவிட்டு, தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னும் கரி வெச்சுப் படுக்கிற காலமா இது? சிரிப்பாங்க. இந்த வெளிச்சம் மேல சுடாது, உள்ள போய் வேலை செய்யும்" என்றாள் லுவா. சுவோங்கின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. லுவாவுக்குத் தன்மானம் பொத்துக்கொண்டது. உடனே ஜன்னல் பக்கம் திரும்பினாள். "இப்படித் திறந்து போட்டா எப்படித் தெரியும்? சாத்துங்க. திரையையும் இழுத்து விடுங்க. கதவுக்குக் கீழ துணி வைங்க. பகல் வெளிச்சம் கலந்தா இதோட சக்தி குறைஞ்சிடும்."

அப்படி எதுவும் கிடையாது. பலகையோடு வந்த தாளிலும் இல்லை, மகன் சொன்னதிலும் இல்லை. இருட்டில் அறை முழுக்கச் சிவந்து நிற்பதைப் பார்த்தால் எந்த வீட்டிலும் வாயடைத்துப் போவார்கள் என்பது அவள் கண்டுபிடித்த சூட்சுமம். இங்கும் பலித்தது. எல்லாம் சாத்தியதும் சுவர், கொசுவலை, குழந்தையின் நெற்றி எல்லாம் செம்பருத்தி நிறமாயின. குயேன் கண்ணை மூடி, "நல்லா இருக்குக்கா" என்றாள். சுவோங் வெளியே போனாள்.

சுவோங் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். சாத்தச் சொன்னால் சாத்தித்தான் வைப்பாள். லுவா வந்துபோகும் நேரம் மட்டுமல்ல, நாள் முழுக்க. வெளிச்சத்தின் சக்தி வெளியே போய்விடக் கூடாது, வடகாற்றும் உள்ளே வந்துவிடக் கூடாது. அதே சமயம் சுடாத வெளிச்சத்தை அவள் மனம் ஏற்கவும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சூடு கொடுக்காமல் விட்டால், நல்ல நாத்தனார் என்றா நாளைக்குப் பேசுவார்கள்? பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்பார்கள். ஆகவே சந்தையில் நல்ல சதுப்புநில மரத்துக் கரியாகப் பார்த்து வாங்கினாள். புகையே வராத கரி. மண்சட்டியில் கனல வைத்து, சாம்பல் தூவி, குயேனின் கட்டிலுக்கடியில் தள்ளினாள். லுவா பார்த்தால் கேலி செய்வாள் என்று படுக்கை விரிப்பைத் தரைவரை இழுத்து விட்டாள். குயேனுக்கு முதுகுக்கு இதமாக இருந்தது. அவளும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனாரும் லுவாவும் முகம் கோணாமல் இருந்தால் போதும் அவளுக்கு.

சுவோங் அம்மாவுக்குக் கரி போட்ட வீடு நீர்ப்பனை ஓலை வேய்ந்தது. சுவரும் ஓலைதான். காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். இது செங்கல் வீடு. அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி ஜன்னல், ஒரு கொசு நுழைய வழியில்லை. ஆசை ஆசையாக அதைக் கட்டியவளே அதை யோசிக்கவில்லை.

அடுத்த காலை லுவா வந்தபோது சுவோங் முற்றத்தில் மாவு உலர்த்திக்கொண்டிருந்தாள். அதிசயமாக அவளே சிரித்தாள். "உன் வெளிச்சத்துல ஏதோ இருக்குடி. ரெண்டும் அப்படித் தூங்குதுங்க. குட்டி விடிஞ்சதுலேருந்து ஒரு சத்தம் போடல."

லுவாவுக்குத் தலைகால் புரியவில்லை. சுவோங் வாயால் பாராட்டு! இடுப்பில் கைவைத்து, "நான்தான் சொன்னேனே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவடியில் துணி, ஜன்னலில் திரை, எல்லாம் அவள் சொன்னபடியே. இருட்டிலேயே தடவிப் பலகையை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். அறை சிவந்தது. முதல்நாள் ஆவி பிடித்த எலுமிச்சம்புல் வாசம் இன்னும் அடித்தது.

"பாரு, மூஞ்சி எப்படிச் செவசெவன்னு ஆயிடுச்சு" என்றாள் குயேனிடம்.

"தலை வலிக்குதுக்கா" என்றாள் குயேன். ஒவ்வொரு சொல்லும் மெதுவாக வந்தது. "காலையில வாந்தி எடுத்தேன்."

"பால் கட்டுறப்ப அப்படித்தான் இருக்கும்." லுவா வயிற்றுத் துணியை விலக்கினாள். தையல் முந்தின நாள்போலவே இருந்தது. லுவாவுக்கே நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. வெயிலில் வந்ததால் என்று நினைத்தாள். குழந்தையின் கண்ணில் வெளிச்சம் படாமல் தள்ளிப் படுக்க வைக்க வேண்டும். அதைத் தூக்கினாள்.

குழந்தையின் கை தொங்கியது.

பிறந்த குழந்தையின் கை தொங்காது. தூங்கினாலும் விரல்கள் மடங்கித்தான் இருக்கும், விரல் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். லுவா தன் விரலைக் கொடுத்தாள். பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். அழகான ரோஜா நிறம். உதடும் ரோஜா நிறம். இந்த வெளிச்சத்தில் பிணம்கூட இந்த நிறத்தில்தான் இருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாருடைய முகத்தையும் அவள் இந்த அறையில் பார்க்கவே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் தன் விளக்கைத்தான்.

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவை உதைத்துத் திறந்து முற்றத்துக்கு ஓடினாள். வெயிலில் பார்த்தபோது முகம் சாம்பலாக இருந்தது. உதட்டைச் சுற்றி நீலம்.

"அக்கா!" என்று அவள் போட்ட கூச்சலில் சுவோங் மாவுத் தட்டைப் போட்டுவிட்டு வந்தாள்.

"ஏண்டி வெளிய கொண்டாந்த? காத்தடிக்குது, பச்சக் குழந்தை..."

"இதப் பாருங்க!"

சுவோங் பார்த்தாள். ஒரு பார்வைதான். "கரி" என்றாள். "கட்டிலுக்கடியில கரி வெச்சிருக்கேன்."

குழந்தையைச் சுவோங் கையில் திணித்துவிட்டு லுவா உள்ளே ஓடி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள். குயேனின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள். குயேன் கால் நிற்காமல் சரிந்தாள். தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள், தையலைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. முற்றத்தில் மாவுப் பாய்மேல் கிடத்தினாள். வடகாற்று விசுவிசுவென்று அடித்தது. சுவோங் அந்தக் காற்றுக்கு நேரே குழந்தையைத் தூக்கிப் பிடித்து, அதன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே, "அழு. அழுதுடு. திட்டிக்கிட்டாவது அழு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு இருமல்போல ஒன்று. அப்புறம் அழுகை. மிக மெல்லியது, ஆனால் அழுகை.

பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் எல்லோரும் மருத்துவமனைக்குப் போனார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் குழந்தை பால் கேட்டு அழுதது. புகை தெரியாத கரிதான் ஆளைச் சத்தமில்லாமல் கொல்லும், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது என்றார் டாக்டர். "யாரு வெச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் சுவோங்.

அதற்குள் தோவான் வந்து சேர்ந்திருந்தான். அக்காவை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவன், அத்தனை பேர் முன்னால், "கொல்லப் பாத்தியா? என் பொண்டாட்டி பிள்ளையக் கொல்லப் பாத்தியா?" என்று கத்தினான். சுவோங் தலையைக் குனிந்தபடி நின்றாள். கையில் காய்ந்துபோன மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

லுவா வாயைத் திறந்தாள். சுவோங் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று தாழ்வாரத்தின் கோடிக்கு இழுத்துப் போனாள்.

"என்ன சொல்லப் போற?"

"ஜன்னலச் சாத்தச் சொன்னது நான்தானேக்கா. கதவுக்குத் துணி வைக்கச் சொன்னதும்..."

"மூடு வாய." சுவோங் குரலைத் தாழ்த்தினாள். "கரிய வெச்சது நான். ஊரு என்னத் திட்டட்டும், கரியத் திட்டட்டும். நீ இப்பப் போயி உளறினேன்னா, விளக்கால வந்த வினைன்னுதான் பேசுவாங்க. அப்புறம் ஒரு வீட்டுலயும் உன்ன உள்ள விடமாட்டாங்க. எல்லாரும் திரும்பக் கட்டிலுக்கடியில கரியத் தள்ளுவாங்க. இன்னொரு குட்டி இப்படித் தொங்கும். எனக்கென்ன, திட்டு வாங்குறது புதுசா? புருஷன் கேக்கப் போறானா, பிள்ளை கேக்கப் போகுதா?"

சுவோங் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்துக்காக மட்டும் லுவா வாயை மூடவில்லை. அப்பாடா என்று அவள் நெஞ்சு ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சு அவளுக்கே கேட்டது. அதுதான் பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் அரித்தது.

சுவோங் கணக்குப் போட்டபடியே எல்லாம் நடந்தது. கால்வாயின் இரு கரையிலும் கரி என்றாலே பயந்தார்கள். லுவாவின் பெயர் சந்தை முழுக்கப் பரவியது. குழந்தையைத் தூக்கிய மாத்திரத்தில் கண்டுபிடித்தாளாம், கைராசிக்காரியாம். கூப்பிடும் வீடுகள் கூடின. போகிற வீட்டிலெல்லாம் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தாள், குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். "உங்க வெளிச்சத்துக்கு இருட்டு வேணாமா?" என்று யாராவது கேட்டால், "வேணாம், எப்பவுமே வேணாம்" என்று வெடுக்கென்று சொன்னாள். அதோடு சுவோங்கைப் பற்றிய பேச்சும் எல்லா வீட்டிலும் வந்தது. பிள்ளை பெறாதவளிடம் பிள்ளை பெற்றவளை விட்டால் இப்படித்தான் என்றார்கள். லுவா அதைக் கேட்டுக்கொண்டே மஞ்சள் சாராயம் தடவினாள்.

"என்னடி, சாப்பாடு இறங்கலையா?" என்று தின் கேட்டான்.

"பல் வலி" என்றாள்.

குழந்தைக்கு மாதம் நிறைந்த விழாவுக்கு அவளை அழைத்தார்கள். முன் அறையில் பிள்ளை காக்கும் பேறுகாலத் தெய்வத் தாய்மார் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனிக் கிண்ணம் வைத்துப் படையல். பாகில் மிதக்கும் மாவு உருண்டை, ஒட்டரிசிச் சோறு, வேகவைத்த வாத்து. உருண்டைகள் ஒன்றுபோல் ஒன்று அத்தனை வழவழப்பாக இருந்தன. யார் கை என்று கேட்கவே வேண்டாம். லுவா கண்ணால் தேடினாள். சுவோங் பின்கட்டில் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வரமாட்டாங்களா?" என்று குயேனிடம் மெதுவாகக் கேட்டாள்.

குயேன் கணவன் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "இவர் விடமாட்டேங்குறாருக்கா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாளா பிள்ளையத் தொடக் கூடாதுன்னுட்டாரு. அவங்க படுக்கையத் தூக்கிட்டு மாவுக் கொட்டகைக்குப் போயிட்டாங்க. நான் குளிக்கப் போறப்ப வாசல்ல நின்னு எட்டிப் பாக்குறாங்க. காலடிச் சத்தம் கேட்டாப் போயிடுறாங்க."

திட்டுதான் வாங்குவாள் என்று லுவா நினைத்திருந்தாள். இது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் இந்தப் பக்கம் வரவும் இல்லை.

விருந்தாளிகள் கூடியதும் தோவான் எழுந்தான். குழந்தையின் வாயெதிரே பூங்கொத்தை அசைத்து, நல்ல வார்த்தை சொல்லி வாயைத் திறந்து வைக்க ஒருவர் வேண்டும். சொல்கிறவரின் குணம் குழந்தையின் நாக்கில் ஏறும் என்பதால் ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். "லுவா அக்காதான் செய்யணும். அவங்களாலதான் இந்த இறால் இன்னிக்கு நம்மகிட்ட இருக்கு" என்றான் தோவான். எல்லோரும் கைதட்டினார்கள்.

குழந்தையை அவள் கையில் கொடுத்தார்கள். இன்னொரு கையில் வெள்ளைச் சாமந்திக் கொத்து. குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. பூவைப் பார்த்துக் கண்ணை உருட்டியது. "உன் பேச்சு இனிக்கட்டும், உன் வாயில் பொய் வராமல் இருக்கட்டும்" என்று ஆரம்பிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பேசுகிற லுவாவுக்கு நாக்கு எழவில்லை.

"என்னக்கா, மறந்துடுச்சா?" என்றான் தோவான் சிரித்துக்கொண்டே.

"என்கிட்ட குடுக்காத" என்றாள் லுவா. "ஜன்னலச் சாத்தச் சொன்னது நான்."

"எந்த ஜன்னல்?"

"அந்த ரூமு ஜன்னல். திரையை இழுக்கச் சொன்னேன், கதவுக்குத் துணி வைக்கச் சொன்னேன். வெளிச்சத்துக்கு அதெல்லாம் தேவையே இல்ல தோவான். ரூமு செவப்பா இருந்தாப் பாக்கிறவங்க அசந்து போவாங்கன்னு நானாச் சொன்னது. உங்கக்கா நான் சொன்னத அப்படியே செஞ்சாங்க. கரிய நான் கிண்டல் பண்ணேன், அதனாலதான் ஒளிச்சு வெச்சாங்க. ஜன்னல் திறந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது." மூச்சு வாங்கினாள். "அன்னிக்கே சொல்ல வந்தேன். உங்கக்கா சொல்லாதன்னாங்க. ஊரு திரும்பக் கரிக்குப் போயிடும்னாங்க. எல்லாப் பழியையும் தன் தலையில போட்டுக்கிட்டாங்க. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. இருந்துட்டேன்."

யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள். தோவானின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. லுவாவைத் திட்டப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் பின்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குயேன்தான் முதலில் அசைந்தாள். லுவாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு நேரே அடுப்படிக்கு நடந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள் சுவோங். ஆனால் உருட்டிய மாவையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பிடிங்க."

"கையெல்லாம் மாவு."

"இருக்கட்டும்."

சுவோங் தம்பியைப் பார்த்தாள். தோவான் வந்து அவள் பக்கத்தில், அந்த ஈரத் தரையிலேயே, விழா உடுப்போடு உட்கார்ந்தான். அடுப்படி வாசல்வரை வந்துவிட்ட லுவாவின் கையிலிருந்த பூங்கொத்தை எட்டி வாங்கி அக்காவிடம் நீட்டினான். குயேன் குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.

சுவோங் குழந்தைமேல் குனிந்தாள். குழந்தை அவள் மாவு விரலைப் பிடித்துக்கொண்டது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிறகு அவள் தலையைத் தூக்கி, வாசல்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற லுவாவைப் பார்த்தாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

"இவ்வளவு நல்லாப் பேசத் தெரிஞ்ச வாய வெச்சிக்கிட்டு, ஒரு மாசமா என்னத்தடி பண்ணிட்டிருந்த?" என்றாள்.